கடிதம் எட்டாத கார்

செகண்ட் ஹேண்டில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கம்ப்ரஷன் எவ்வளவு இருக்கிறது?" என்ஜின் அறைக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பொருள். அமெரிக்காவாக இருந்தாலும் பிரிட்டனாக இருந்தாலும் அந்தக் கேள்வி மாறாது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காரின் என்ஜினைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஏமாந்துவிடக் கூடாது என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் என்ஜின் நின்றுபோனால் கார் ஓரமாக நிற்கும், பணம் நஷ்டமாகும், அவ்வளவுதான். உயிருக்கு உலை வைக்கும் கோளாறுகள் அதே காரில் வேறு இடங்களில் இருந்தன: ஸ்டியரிங்கின் நடுவில், முன் சக்கரத்தின் மூட்டில், பெட்ரோல் பம்ப்பின் குழாயில். இவை எல்லாவற்றையும் கம்பெனி இலவசமாகவே சரிசெய்து தருகிறது. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சரிசெய்யாத கார்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, அந்தக் கார் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

ஹிரோஷிமாவின் பிடிவாதம்

நமக்குப் பழக்கமான என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கல் 1950-களில் என்.எஸ்.யு. கம்பெனியுடன் சேர்ந்து உருவாக்கிய என்ஜினில் பிஸ்டனே கிடையாது. இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணமாக ஒரு ரோட்டர் சுழலும். அதன் மூன்று முனைகளும் அறைச் சுவரை ஒரு கணமும் விடாமல் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். தொடும் இடத்தில் வாயு கசிந்தால் என்ஜினுக்கு உயிர் இல்லை. அதற்காக ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டையைப் பொருத்தினார்கள். அதன் பெயர் அபெக்ஸ் சீல். ரோட்டரி என்ஜினின் பெருமையும் சிறுமையும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

1961-இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ கம்பெனி, அதாவது இன்றைய மஸ்டா, அந்த என்ஜினுக்கான உரிமையை வாங்கியது. சிறிய கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிட ஜப்பானிய அரசு நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தால்தான் கம்பெனி தனியாகப் பிழைக்கும் என்று அன்றைய தலைவர் சுனேஜி மட்சுடா நம்பினார். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அந்த வேலையில் இறங்கினார்கள். சோதனை என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தபோது அறைச் சுவரெங்கும் அலையலையாகக் கீறல்கள் இருந்தன. 'பிசாசின் நகக்கீறல்' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். கார்பன் கலந்த சீலைக் கண்டுபிடித்துத்தான் அந்தக் கீறலை வென்றார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

அதே 1967-இல் என்.எஸ்.யு.வும் ஆர்ஓ 80 என்ற தன் ரோட்டரி காரைக் கொண்டுவந்தது. அதன் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. வாரண்டியில் என்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொடித்தது. 1969-இல் அது ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டு ஃபோக்ஸ்வாகன் குடையின் கீழ் போனது. மஸ்டா மட்டும் விடவில்லை. 1978-இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. 1991-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட 787பி முதலிடம் பிடித்தது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை.

இத்தனை பிடிவாதத்துக்கும் வாரிசாக 2003-இல் பிறந்ததுதான் ஆர்எக்ஸ்-8. நான்கு பேர் உட்காரலாம். பின்கதவுகள் எதிர்த்திசையில் திறக்கும். முன்பக்க எடையும் பின்பக்க எடையும் ஏறத்தாழ சமம். ரெனிசிஸ் என்று பெயரிட்ட என்ஜினில் 654 சிசி அளவில் இரண்டு ரோட்டர்கள். மொத்தம் 1,308 சிசிதான். அதை வைத்துக்கொண்டு மேனுவல் கியர் மாடல் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை ஏறும். அந்த ஆண்டின் சிறந்த என்ஜின் என்ற சர்வதேச விருதும் ரெனிசிஸுக்கே கிடைத்தது. ஓட்டியவர்களுக்கு இன்றும் அதன் மென்மையைச் சொல்லி மாளாது. அந்தப் புகழ் முழுக்கத் தகும். காரைக் கட்டியவர்களின் உழைப்பை மறந்துவிட்டு அதன் குறைகளை மட்டும் அடுக்குவது அநியாயம்.

வந்த வேகத்தில் முதல் சறுக்கல்

2004 மாடல் என்ற பெயரில் 2003 கோடையிலேயே கார் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 247 குதிரைத்திறன் என்று அறிவித்திருந்தார்கள். சில வாரங்களில், உண்மையில் 238 தான் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ப என்ஜின் அமைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியதில் வந்த குறைவு அது. வாங்கியவர்களிடம் மஸ்டா இரண்டு வழிகளைச் சொன்னது: காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், வைத்துக்கொள்வதாக இருந்தால் 500 டாலரும் வாரண்டிக் காலம் முழுக்க இலவச சர்வீஸும் பெறலாம்.

ஒன்பது குதிரைத்திறன் குறைந்ததற்கு ஒருவர் உயிரும் போகாது. ஆனாலும் அந்தச் செய்தி எல்லாச் சொந்தக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. காரணம், கார் அப்போது முதல் கையில் இருந்தது. யார் வாங்கினார், எந்த முகவரி என்பது கம்பெனியின் ஏட்டில் அப்படியே இருந்தது. இந்தக் கதை முழுக்க நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். பின்னால் வந்த பெரிய ஆபத்துகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

ஆயில் குடிக்கும் என்ஜின்

ரோட்டரி என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று குறை சொல்வார்கள். குடிக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அபெக்ஸ் சீலுக்கும் சுவருக்கும் நடுவே வழவழப்பு வேண்டும் என்பதற்காக, என்ஜின் ஆயிலையே சொட்டுச் சொட்டாக அறைக்குள் பீய்ச்சும் ஒரு பம்ப் இருக்கிறது. அந்த ஆயில் பெட்ரோலோடு எரிந்து போகும். ஆகவே பங்கில் ஒன்றிரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் காருக்குப் பழகியவர்கள் இதைச் செய்வதில்லை. அடுத்த சர்வீஸ்வரை பானெட்டைத் திறக்காமல் ஓட்டி, ஆயில் வற்றி, சீல் தேய்ந்த கார்கள் எத்தனையோ. மஸ்டாவே பின்னால் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது: 2009 மாடலில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டாக இருந்த ஆயில் பீய்ச்சிகள் மூன்றாயின.

இன்னொரு சங்கடம், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை நாலடி நகர்த்திவிட்டு உடனே அணைப்பது. அப்போது அறைக்குள் எரியாமல் நிற்கும் பெட்ரோல், சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை சாவியைத் திருப்பினால் கம்ப்ரஷன் இல்லாமல் என்ஜின் சும்மா சுற்றும். மூன்றாவது சங்கடம் இக்னிஷன் காயில். அது தளர்ந்தால் பெட்ரோல் முழுக்க எரியாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அடைத்துவிடும். வெளியே போக வழியில்லாத சூடு திரும்பி ரோட்டரிடமே வரும். ஒரு காயிலை நேரத்தில் மாற்றாத சோம்பல், கடைசியில் ஒரு என்ஜினையே தின்றுவிடும்.

புகார்கள் குவிந்ததும், 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் ரோட்டரி என்ஜினுக்கு அமெரிக்காவில் மஸ்டா வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைலாக நீட்டியது. பலருக்குப் புதுப்பித்த என்ஜின் இலவசமாகக் கிடைத்தது. இது ரீகால் அல்ல, வாரண்டி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வாரண்டி, கார் உழைப்பதைப் பற்றிய வாக்குறுதி. அதற்குக் காலம் உண்டு, முடிந்தால் முடிந்ததுதான். ரீகால், உயிருக்கு ஆபத்தான குறையைக் கம்பெனி சட்டப்படி ஒப்புக்கொண்டு திருத்துவது. அது காரோடு போகும். எத்தனையாவது சொந்தக்காரர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கம்ப்ரஷன் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் என்ஜினுக்கான சாதாரண கேஜை வைத்து ரோட்டரியைச் சோதித்தால் அது ஏமாற்றும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள் உண்டு. சாதாரண கேஜ் அவற்றில் மிக அதிகமாக அழுத்தும் முகத்தை மட்டும் காட்டும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் ஒரு ரோட்டருக்கு மூன்றாக, இரண்டுக்கும் சேர்த்து ஆறு எண்கள் வரும். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டால், நல்ல என்ஜினில் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ அளவில் இருக்கும். 6.9-க்குக் கீழே போனால் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ஆறு எண்களில் ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்து நின்றாலும் ஒரு சீல் போய்விட்டது என்று பொருள்.

ஆயிலும் கம்ப்ரஷனும் பயமுறுத்தியதில் காரின் விலை சரிந்தது. புதிதாக ஏறத்தாழ 27,000 டாலருக்கு விற்ற கார், பத்து வயதில் மாணவர்களின் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ள இளைஞருக்கு இதைவிட மலிவான வாசல் இல்லை. இரண்டாம் கை, மூன்றாம் கை, நான்காம் கை என்று கார் மாறிக்கொண்டே போனது. இந்த நேரத்தில்தான் பெரிய ஆபத்து வெளிப்பட்டது.

ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு குப்பி

கார் மோதியதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏர்பேக் விரிய வேண்டும். அதற்கான வாயுவைக் கொடுப்பது இன்ஃப்ளேட்டர். ஸ்டியரிங்கின் நடு மூடிக்குப் பின்னால், மடித்த பைக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுக் குப்பி. அதற்குள் மாத்திரை வடிவில் அழுத்திய எரிபொருள். மோதலை உணர்ந்ததும் மின்பொறி அதைப் பற்றவைக்கும். வாயு குப்பியின் துளைகள் வழியாகப் பாய்ந்து பையை நிரப்பும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு டேஷ்போர்டில் இன்னொன்று.

ஆர்எக்ஸ்-8-க்கு இந்தக் குப்பியைக் கொடுத்தது டகாட்டா. 1933-இல் நெசவுத் தொழிலில் தொடங்கி, பாராசூட் கயிறு, பிறகு சீட் பெல்ட், பிறகு ஏர்பேக் என்று வளர்ந்த ஜப்பானியக் கம்பெனி. 2000-ஆம் ஆண்டையொட்டி அது தன் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் போடத் தொடங்கியது. விலை குறைவு, குப்பியும் சிறிதாகும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும் பொருள். புழுக்கமான ஊரில் நிற்கும் காருக்குள் பகலில் கடும் சூடு, இரவில் குளிர்ச்சி என்று ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வரும்போது, குப்பிக்குள் புகுந்த ஈரத்தோடு சேர்ந்து மாத்திரைகள் உப்பும், உதிரும், உள்ளுக்குள் நுண்துளைகள் விழும். இறுக்கமான மாத்திரை அளவாக எரியும். துளை விழுந்த மாத்திரை ஒரேயடியாகக் குபீரென்று எரியும். அந்த அழுத்தத்தை எஃகுக் குப்பி தாங்காது, வெடித்துச் சிதறும். காப்பாற்ற விரியும் பையைக் கிழித்துக்கொண்டு எஃகுத் துண்டுகள் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாயும்.

2014-இல் ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் ஒரு பெண் சிறிய விபத்துக்குப் பிறகு இறந்தார். அவர் கழுத்தில் இருந்த காயங்களைப் பார்த்த போலீஸார், யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகித்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இந்தக் குப்பிகளால் இறந்ததாக உறுதியாகியிருக்கிறது. காயமடைந்தவர்கள் குறைந்தது 400 பேர். அங்கே திரும்ப அழைக்கப்பட்ட குப்பிகள் சுமார் 6.7 கோடி, உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி. வரலாற்றிலேயே மிகப் பெரிய வாகன ரீகால் இது. கார் கம்பெனிகளிடம் பொய்யான சோதனைக் கணக்குகளைக் கொடுத்ததாக டகாட்டா 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டமும் இழப்பீடுமாக 100 கோடி டாலர். அதே ஆண்டு கம்பெனி திவாலானது.

இந்தக் குப்பியின் கொடுமை, அது நாள்பட நாள்பட மோசமாகிறது என்பது. காயில் போனால் கார் குலுங்கும், சீல் போனால் ஸ்டார்ட் ஆகாது. குப்பி ஒரு சத்தமும் காட்டாது, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. புதுக் காரில் சாதுவாக இருந்தது பதினைந்து வயதில் கொலைக்கருவி ஆகிறது. அதாவது, முதல் சொந்தக்காரரைவிட நான்காம் சொந்தக்காரருக்கே ஆபத்து அதிகம்.

2013-இல் டொயோட்டா, ஹோண்டா, நிஸான், மஸ்டா கம்பெனிகள் சேர்ந்து சுமார் 34 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டியல் நீண்டுகொண்டே போய், 2004 முதல் 2011 வரையிலான ஆர்எக்ஸ்-8 மாடல்கள் முழுக்க அதற்குள் வந்தன. குப்பிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஈரமும் வெப்பமும் மிகுந்த ஃபுளோரிடா, டெக்சஸ், லூசியானா போன்ற மாநிலங்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். தொடக்கத்தில் சில கார்களுக்குத் தற்காலிகமாக அதே வகைப் புதுக் குப்பியைப் போட்டுக் கொடுத்து, பிறகு மறுபடியும் மாற்றச் சொன்னதும் உண்டு. ஆகவே "ஒருமுறை மாற்றியாகிவிட்டது" என்று விற்பவர் சொல்வதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை.

பன்னிரண்டு வயதில் இரண்டு ரீகால்

2016-இல் ஆர்எக்ஸ்-8-க்கு வேறு இரண்டு ரீகால்கள் வந்தன. ஒன்று பெட்ரோல் பற்றியது. 2004 முதல் 2008 வரையிலான மாடல்களில், என்ஜினும் சைலன்சர் பாதையும் கொடுக்கும் சூட்டில் பெட்ரோல் பம்ப் குழாயின் சீல் வளையம் உருமாறி விரிசல் விடலாம். பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம். ரோட்டரி என்ஜினின் புகை மிகச் சூடானது. கார் புதிதாக இருக்கும்வரை தாங்கிய வளையம் பத்து ஆண்டுச் சூட்டுக்குப் பிறகு தாங்கவில்லை.

மற்றொன்று 2004 மாடலின் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் உள்ள பால் ஜாயின்ட். சக்கரம் திரும்பவும் குலுக்கலுக்கு ஏறி இறங்கவும் இடம் கொடுக்கும் குமிழ் மூட்டு அது. அதன் கிண்ணம் தயாரிப்பிலேயே சரியாக அமையாததால் விரிசல் விட்டுக் கழன்றுபோகும் அபாயம் இருந்தது. ஓடும்போது அது கழன்றால் ஸ்டியரிங் ஓட்டுநர் கையில் நிற்காது. வளைவுகளில் வேகமாகத் திருப்பி மகிழ்வதற்கென்றே வாங்கிய காரில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறு வேண்டியதில்லை.

இரண்டையும் டீலர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அறிவிப்பு வந்தபோது முதலில் வந்த கார்களுக்கு வயது பன்னிரண்டு. ஐரோப்பாவில் புதிய புகை விதிகளால் விற்பனை 2010-லேயே நின்றிருந்தது. 2012 ஜூனில் ஹிரோஷிமாவிலும் தயாரிப்பு முடிந்துவிட்டது. மொத்தம் தயாரான ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களில் எஞ்சியவை எந்தெந்தக் கைகளிலோ ஓடிக்கொண்டிருந்தன.

சங்கிலி அறும் இடம்

அமெரிக்கச் சட்டப்படி, ரீகால் அறிவித்த கம்பெனி பதிவுபெற்ற ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். பதிவேட்டில் பெயரும் முகவரியும் சரியாக இருக்கும்வரை அது சேரும். பத்து வயதைத் தாண்டிய மலிவான ஸ்போர்ட்ஸ் கார் இருக்கும் இடமோ வேறு. ஒருவர் வாங்கி ஆறு மாதத்தில் விற்கிறார். இன்னொருவர் என்ஜின் போனதும் கொட்டகையில் போட்டுவிடுகிறார். வேறொருவர் பெயர்கூட மாற்றாமல் ஓட்டுகிறார். கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. அங்கே இருப்பவர் விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார். வந்து சேர்ந்தாலும், வாரண்டி முடிந்த பிறகு டீலரின் வாசலையே மிதிக்காதவர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. ரீகால் நிலுவையில் உள்ள புதுக் காரை அமெரிக்க டீலர் விற்கக் கூடாது. பழைய காருக்கு அப்படி மத்தியத் தடை இல்லை. பழைய கார் விற்கும் கடைகள் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய அறிவிப்புத் தாளில், ரீகால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி வாங்குகிறவருக்கே யோசனை சொல்கிறார்கள். பொறுப்பு வாங்குகிறவர் தலையில் இறங்கிவிடுகிறது. வாங்குகிறவரோ கம்ப்ரஷன் சீட்டைத்தான் கேட்கிறார்.

மோதி நொறுங்கிய காரை ஒட்டுப்போட்டு விற்பதும் உண்டு. விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதில், உடைப்புக் கடையில் வாங்கிய பழைய ஏர்பேக்கைப் பொருத்துவார்கள். 2017-இல் லாஸ் வேகஸில் 2002 மாடல் ஹோண்டா அக்கார்டு ஒன்றில் ஓர் இளம்பெண் படுகாயம் அடைந்தார். அந்தக் காருக்கு வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய டகாட்டா குப்பியைப் பொருத்தியிருந்தார்கள். இப்படிப்பட்ட காரின் எண்ணை எந்தத் தளத்தில் தேடினாலும் குறை தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார்களோ மோதலுக்குப் பேர்போனவை. விபத்து வரலாறு உள்ள காரில் ஏர்பேக் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

எல்லை தாண்டினால் இன்னும் சிக்கல். ஜப்பானுக்குள் விற்ற ஆர்எக்ஸ்-8-இல் எஸ்இ3பி என்று தொடங்கும் உள்நாட்டு எண்தான் இருக்கும். அமெரிக்கக் காரில் இருக்கும் 17 இலக்க எண் அதில் இருக்காது. ஏலத்தில் எடுத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த அந்தக் காரின் எண், போய்ச் சேர்ந்த நாட்டின் ரீகால் தேடலில் அகப்படாமல் போகலாம். ஜப்பான் உள்நாட்டில் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது: ஆபத்தான டகாட்டா குப்பியை மாற்றாத கார்களுக்கு 2018 மே முதல் கட்டாய வாகனச் சோதனையில் தேர்ச்சி இல்லை. சோதனை முடிக்காமல் சாலையில் ஓட்ட முடியாது. கடிதம் சாதிக்காததை இந்த ஒரு விதி சாதிக்கும். மற்ற நாடுகளும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2024 நவம்பரில் அமெரிக்காவில் மஸ்டா இன்னும் கடுமையாகப் பேசியது. டகாட்டா குப்பியை மாற்றாத 80,000-க்கும் மேற்பட்ட பழைய வாகனங்களை ஓட்டவே வேண்டாம் என்று எச்சரித்தது. பட்டியலில் 2004 முதல் 2011 வரையிலான ஆர்எக்ஸ்-8 இருந்தது. காரை இழுத்துச் செல்லவும், வீட்டுக்கே வந்து மாற்றித் தரவும் ஏற்பாடு செய்தார்கள். பிறந்து இருபது ஆண்டு கழித்து, எங்கே இருக்கிறது என்று தெரியாத காரைத் தேடி அதைச் செய்தவர்களே அலைய வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் என்ன?

ஆர்எக்ஸ்-8 நம் ஊரில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அதே டகாட்டா குப்பிகள் வேறு கார்களில் வந்தன. சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு கார்களை ஹோண்டா இந்தியாவிலும் திரும்ப அழைத்தது. அவற்றில் பல இன்று இரண்டாம், மூன்றாம் கையில் ஓடுகின்றன. வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்கள் அந்தக் குப்பிக்கு ஃபுளோரிடாவைவிட இதமானவை என்று யாரும் சொல்ல முடியாது. குறையுள்ள வாகனத்தைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அரசுக்குத் தந்தது. அதன்படி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, ஏழு வயதுக்கு உட்பட்ட வாகனங்களையே கணக்கில் கொள்கிறது. குப்பி ஆபத்தாகும் வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த வரம்பை நீட்ட வேண்டும், எஃப்.சி. எடுக்கும்போதும் பெயர் மாற்றும்போதும் ரீகால் நிலுவையைப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதோடு விடாமல் டீலரிடமும் நேரில் கேளுங்கள்; அமெரிக்க அரசின் தேடலில்கூட 15 ஆண்டுக்கு மேற்பட்ட ரீகால்கள் வராமல் போகலாம். வேலை முடிந்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பெயரை உடனே மாற்றி, உங்கள் முகவரியைக் கம்பெனியிடம் பதிவு செய்யுங்கள், அடுத்த கடிதம் உங்களுக்கு வர வேண்டும். இத்தனையும் முடித்த பிறகு கம்ப்ரஷன் பாருங்கள், பேரம் பேசுங்கள், ஆசை தீர ஓட்டுங்கள். விற்கும் நாள் வந்தால், அந்த ரசீதுகளையும் சாவியோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுங்கள்.